முத்தம்மா அமுக்கிய தவறு

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. தேனாம்பேட்டையில் நாலாம் மாடிக் கண்ணாடி அறைக்குள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. முத்தம்மாவின் குரலைப் பாடங்களிலிருந்து எடுத்துவிடலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கயலின் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. எடுத்துப் பார்த்தபடி அறைக்கு வெளியே வந்தாள். முத்தம்மாவின் மகள் நிலா. வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. அவள் வேலை பார்க்கும் தி.நகர் ஜவுளிக்கடையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

“அக்கா, அம்மா பூட்ச்சுக்கா,” என்றாள் நிலா. “பஸ்லயே. டிப்போ வந்தும் எறங்கல. காதுல ஒயர மாட்டிக்கினு, கண்ண மூடிக்கினு இருந்துச்சாம். பாட்டு கேக்குதுன்னு கண்டக்டர் உட்டுட்டாராம்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேலாளர் அனிருத் பேசிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை, கை மட்டும் மேலும் கீழும் போயிற்று. நல்ல உச்சரிப்புள்ள குரல் ஒன்று வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பான். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

முத்தம்மா பாட்டு கேட்கிறவள் இல்லை என்பது கயலுக்குத் தெரியும். தான் பேசிய பாடத்தைத் தானே திரும்பக் கேட்டு, எங்கே பிசகினோம் என்று பார்த்துக்கொண்டு வருவாள். நாற்பத்து நாலு வயது.

முத்தம்மா பிறந்தது அடையாற்றங்கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குப் பக்கத்தில். ஐந்தாவது வரை படித்தாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள்; நீளமான சொல் வந்தால் பாதியில் நிறுத்தி, மீதியைத் தானே ஊகித்துக்கொள்வாள். ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பெருவெள்ளம் வந்து போன பிறகு அந்தக் கரை வீடுகள் போயின. சாமான்களோடு லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் விட்டார்கள். நடந்தே போய் வந்த வீட்டு வேலைக்கு அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் பஸ்.

புருஷன் வெள்ளைத்துரை கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு நொறுங்கியது. ஆபரேஷன் முடிந்து, தையல் காயாமல் ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் கிடந்தான். காலையில் ஒருத்தி துடைப்பத்தோடு வந்து வார்டைப் பெருக்கினாள். ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசி எழும்பி, கட்டில் கட்டிலாக இறங்குவதை முத்தம்மா பார்த்தாள். எழுந்து போய் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். பெரிய ரகளையாகிவிட்டது. பத்தொன்பதாம் நாள் வெள்ளைத்துரை, காயத்தில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். அந்தத் தூசியால்தான் என்று யாரும் சொல்லவில்லை. முத்தம்மாவும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த மாதமே அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டு வேலையில் நிம்மதியாக இருந்திருக்கலாமே என்று கேட்டவர்களிடம் ஒரே பதில்தான் சொன்னாள்: “நான் இருக்கிற வார்டுல தொடப்பம் நொழையாது. அவ்ளதான்.”

எட்டு வருஷம் நுழையவில்லை.

பிறகு ஒருநாள் நுழைந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளான ஜோயா என்ற பெண், ஆபரேஷன் ஆனவர்கள் படுத்திருக்கும் வார்டுக்குள் துடைப்பத்தோடு போய் முதல் கட்டில் வரை பெருக்கிவிட்டாள். முத்தம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னாமே பண்ற? ஒனுக்கு எவ சொன்னது?”

“போன்ல தான்க்கா! சரின்னு அமுக்குனேன், பச்ச வந்துச்சு. வேணும்னா நீயே பாரேன்!”

போனில் வந்தது கயல் எழுதிய பாடம். கயல் வேலை பார்த்த நிறுவனம் மருத்துவமனைகளிலும் ஓட்டல்களிலும் வேலை செய்கிறவர்களுக்குப் போனிலேயே பயிற்சி கொடுத்தது. மூன்று நிமிஷம் பாடம், பிறகு கேள்விகள். ஒரு குரல் வாசிக்கும். சரியா தவறா என்று அமுக்க வேண்டும். சரியான விடை என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எல்லாம் பச்சையானால்தான் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர்களை வார்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போகும்போதே படித்துவிடலாம் என்பதுதான் இதன் பெருமை. விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து படிப்பாள். பெரும்பாக்கம் பஸ்ஸில் யாருக்கும் ஜன்னலோரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் பாடம், ஏழாம் கேள்வி: ‘நோயாளிகள் இருக்கும் அறையைத் துடைப்பான் கொண்டு சுத்தம் செய்யலாம். சரியா, தவறா?’

முத்தம்மா தவறு என்று அமுக்கினாள். சிவப்பு வந்தது. மறுபடியும் தவறு. மறுபடியும் சிவப்பு.

சக வேலைக்காரி அஃப்சருன்னிசா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “அட, சரின்னு அமுக்கிட்டுப் போவியா! நாங்க எல்லாம் அப்டித்தான் போட்டோம். அது கேக்குறத குடுத்தா பச்ச. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு.”

“பச்ச வரணும்னு பொய் சொல்லச் சொல்றியா?”

“போனுகிட்ட சொல்றது பொய்யா அக்கா?”

“ஜோயாவுக்கு அது பொய்யின்னு தெரியலியே.”

சனிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் வண்டி நிறுத்துமிடத்தைக் கூட்டப் போக வேண்டும் என்று மேற்பார்வையாளர் கெடு வைத்தார். முத்தம்மா முடிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் பாடத்தைத் திறந்தாள், ஏழாம் கேள்விக்கு வந்தாள், தவறு என்று அமுக்கினாள், சிவப்பைப் பார்த்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

தேனாம்பேட்டையில் கயலின் திரையில் அது ஒரு விசித்திரமாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பேரில் ஒரே ஒரு ஆள், ஒரே கேள்விக்கு, ஒரே விடையை நாற்பத்தொரு முறை கொடுத்திருந்தாள். கை தவறி நாற்பத்தொரு முறை அமுக்க முடியாது. போனில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு கயல் ஷேர் ஆட்டோ பிடித்து அடையாறு போனாள்.

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் முத்தம்மா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். கயல் தான் யார் என்று சொன்னாள்.

“நீதான் இத்த எழ்தினியா?”

“ஆமாக்கா.”

“இன்னா படிச்சிக்கீற?”

“எம்.ஏ. தமிழ்.”

“அப்போ தெரிஞ்சேதான் எழ்தியிருக்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கயலுக்குக் காது சூடேறியது. “அக்கா, துடைப்பான்னா தொடப்பம் இல்ல. ஈரமா துடைக்கிறது. மாப்.”

“மாப்பா?”

“ஆமா.”

முத்தம்மா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். “மாப்புன்னா மாப்புன்னு எழ்து. துடைப்பான், இன்னா துடைப்பான்? தொடப்பத்துக்குப் பேண்ட்டு சட்ட மாட்டி உட்டா மாதிரி.”

“நான்கூட தொடப்பத்த கொஞ்சம் மரியாதையா சொல்றாங்கன்னுதான் நெனச்சேன்,” என்றாள் அஃப்சருன்னிசா.

கயலிடம் அதற்குப் பதில் இருந்தது. மாப் தமிழ் இல்லை. துடைப்பது துடைப்பான், இலக்கணம் சுத்தமானது. அந்தச் சொல்லை எழுதிய அன்று அவள் மகிழ்ந்துபோயிருந்தாள். பாடம் முழுக்க ஓர் ஆங்கிலச் சொல் இல்லாமல் எழுதியதைத் தன் கல்லூரித் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையெல்லாம் இங்கே சொல்லலாம் என்று வாயைத் திறந்தபோது, ஓரத்தில் ஜோயா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவது தெரிந்தது. யார் என்று கேட்டாள். நடந்ததை அஃப்சருன்னிசா சொன்னாள். கயல் பையைத் தோளில் மாட்டினாள்.

கிளம்பும்போது, “அக்கா, நாளைக்கு சனிக்கிழமை. இப்போதைக்கு சரின்னு அமுக்கிடுங்க. வேலை போயிடக் கூடாது. நான் பின்னாடி மாத்திடறேன்,” என்றாள்.

“நீ மாத்து கண்ணு. அப்பால நான் அமுக்குறேன்.”

“ஆபீஸ்ல கேக்கணும்க்கா. நாலு பேர் ஒத்துக்கணும்.”

“கேளு. எனுக்கு இன்னா அவசரம்? பார்க்கிங்கும் கூட்டுற எடந்தான். அங்க தொடப்பம் எடுத்துக்கினு போலாம், தப்பில்ல.”

அனிருத்திடம் கேட்டால் மருத்துவமனை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பாடம் என்பான். கயல் கேட்கவில்லை. ஆதம்பாக்கத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், மெட்ரோவில் நின்றுகொண்டே மடிக்கணினியைக் கைமேல் வைத்துக்கொண்டு ஐந்து எழுத்தை எடுத்துவிட்டு இரண்டு எழுத்தைப் போட்டாள். வாசிக்கும் குரலுக்குத் தன் குரலையே பதிந்து சேர்த்தாள். சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு முத்தம்மா நாற்பத்திரண்டாம் முறை ஏழாம் கேள்விக்கு வந்தாள். சரி என்று அமுக்கினாள். பச்சை.

பத்து மணிக்கு முத்தம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நன்றி சொல்வாள் என்று கயல் எதிர்பார்த்தாள். “கண்ணு, ஏழு ஆயிட்ச்சு, வார்டுலயே இருன்னுட்டாங்க. ஒம்போதுல ‘நீர்த்த கரைசல்’னு ஒண்ணு கீது. அது இன்னாது?”

அப்படித்தான் தொடங்கியது. ஒன்பதுக்குப் பிறகு பதினொன்று, அடுத்த பாடம், அதற்கடுத்தது. தொலைபேசியில் சண்டை போட்டுச் சண்டை போட்டு, கடைசியில் கயல்தான் சொன்னாள்: “நீங்களே பேசிடுங்கக்கா. நான் எழுதறதும் நீங்க திட்டறதும் எதுக்கு?” முத்தம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். நாலு பக்கமும் கூரை வரை துணி அடுக்கு. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. அவள் போனில் பதிந்தது எந்தப் பதிவறையில் பதிந்ததற்கும் குறைவாக இல்லை.

கயல் எழுதிக்கொடுத்த தாளை அவள் கையில் வைத்திருப்பாள், அவ்வளவுதான், வாசிக்க மாட்டாள். “ப்ளீச்சிங் தண்ணிய கண்ணளவுல ஊத்துவியா நீ? இது இன்னா சாம்பாரா, ஒரு கை தூக்கலா போட? மூடியில அள. ஒரு பக்கெட்டுக்கு எத்தினி மூடின்னு டப்பாவுலயே படம் போட்டுக்கீது, கண்ணத் தொறந்து பாரு.” “பேஷண்ட்டு தூங்கிக்கினு இருந்தா கட்டிலுக்கு அடியில மாப்ப இடிக்காத. ஒன் தலமாட்டுல எவனாவது இடிச்சா சும்மா இருப்பியா?” “ஆசிடும் ப்ளீச்சிங்கும் ஒண்ணா ஊத்துனா புகை வரும். நெஞ்ச அடச்சிடும். ரெண்டுத்தயும் மாமியா மருமவ மாதிரி தனித்தனியா வையி.”

அதுவரை முதல் முறையே தேறியவர்கள் பாதிக்கும் குறைவு. அவள் பேசிய பாடங்களில் பத்துக்கு ஒன்பது பேர் தேறினார்கள். நகரத்தில் பதினாலு மருத்துவமனைகளுக்கு அந்தப் பாடங்கள் போயின. பெரம்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி, தான் விசாரித்ததாகச் சொல்லி, ‘ப்ளீச்சிங் அக்கா’வுக்கு வணக்கம் சொல்லியனுப்பினாள். முத்தம்மாவுக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. “பேரு வெக்கிறதுன்னா நல்லதா வெக்கக் கூடாதா? நாத்தம் புட்ச்ச பேரு.”

பிறகுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், இந்தப் பேச்சு தங்கள் நிறுவனத்தின் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று எழுதியிருந்தார். கண்ணாடி அறைக் கூட்டம் அதற்காகக் கூடியதுதான்.

பெரும்பாக்கத்தில் காரியங்கள் முடிந்த மறுநாள் அனிருத் கயலைக் கூப்பிட்டான். கெட்டவன் இல்லை, சாவுக்கு வந்து மாலை போட்டவன்தான்.

“நானும் அவங்கள மதிக்கிறேன் கயல். ஆனா சம்மதப் படிவத்துல அவங்க கையெழுத்தே இல்லையே. இப்போ நாளைக்கு யாராவது கேட்டா? ஸ்டூடியோ வாய்ஸ் போட்டுடறதுதான் சேஃப்.”

கையெழுத்து இல்லாததற்குக் காரணம் கயலுக்குத் தெரியும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. “புரியாததுல கையெழ்த்து போட மாட்டேன். தமிழ்ல எழ்திக்கினு வா, போட்டுத் தரேன்,” என்று முத்தம்மா சொல்லி நாலு மாதம் ஆகியிருந்தது. கயல்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டாள். துடைப்பான் என்று ஒரு நிமிஷத்தில் எழுதியவளுக்கு இதற்கு நேரம் வாய்க்கவில்லை.

திங்கட்கிழமை புதிய குரல் ஏறியது. மெருகான குரல். ழகரம் ழகரமாக இருந்தது. ‘நீர்த்த கரைசல்’ திரும்பி வந்திருந்தது. பழைய எழுத்துப்படியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை கணக்கெடுத்தபோது அடையாறில் எல்லோரும் தேறியிருந்தார்கள். அனிருத் அந்தக் கணக்கைப் படமெடுத்துக் கயலுக்கு அனுப்பி, பார்த்தாயா என்று கேட்டிருந்தான்.

கயல் மத்தியானமே அடையாறு போனாள். அடித்தளத்தில் எட்டுப் பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு போன்கள். ஒன்றில் புதிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். இன்னொன்றில் முத்தம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

“அது வாய மட்டும் அசைக்கட்டும்,” என்றாள் அஃப்சருன்னிசா. “நாங்க அக்காவ கேட்டுக்கினு அதுல அமுக்குறோம். எல்லா பாடமும் வாட்சப்புல கீது. பெரம்பூருக்கே போயிருக்கு. நீங்க எடுத்துட்டா பூடுமா?”

“நான் எடுக்கல அப்சருக்கா.”

“நீ எழ்துனவதானே? ஒன் பேருதானே கீழ வருது? போட்டவங்க கிட்ட போயி சொல்லு.”

ஜோயாவும் அங்கே இருந்தாள். அன்று அவள் தலை குனிந்திருக்கவில்லை. “கேள்வியில ‘துடைப்பான்’னு திருப்பி வந்திருக்கு தெரியுமாக்கா? நான் எழுத்துல பாத்துட்டேன். யாரு வார்டுக்குள்ள தொடப்பத்த தூக்கினு வருவாளோ இப்ப.”

கயலுக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அன்று மாலையே சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதினாள். அரைப் பக்கம் வந்தது. ‘இது என் அம்மா பேசியது. இதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். ஒரு சொல்லையும் எடுக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, வேறு குரலில் மாற்றக் கூடாது.’ தி.நகரில் கடையின் பின்பக்கப் படிக்கட்டில், புடவைக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்த இடத்தில், நிலா அதை நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள்.

“இது அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை கயல் அந்தத் தாளை அனிருத்தின் மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு தாள். பாடம் ஓடும்போது போனில் சத்தம் எந்த அளவில் இருந்தது என்பதை நிறுவனத்தின் கணினி குறித்து வைத்துக்கொள்ளும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அடையாறில் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்றுக்கும் நேரே பூஜ்யம்.

“நீங்க போட்ட குரலை ஒருத்தர்கூட கேக்கல,” என்றாள் கயல். “அவங்க தேறினது முத்தம்மாக்கா குரல்ல. மூணாம் பாடத்துல துடைப்பான் திரும்ப வந்திருக்கு. அதுக்கு மொழிப் பொறுப்பாளர்னு என் கையெழுத்து வேணும், இன்னும் பாக்கி. போட மாட்டேன். ஏன் போடலன்னு பதினாலு ஆஸ்பத்திரிக்கும் இன்னிக்கே எழுதறேன்.”

“கயல், எமோஷனலா இருக்கீங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க.”

“லீவு வேணாம். அழுதது அழுதாச்சு. இது வேற.”

அனிருத் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பூஜ்யங்கள் பக்கம் முழுக்க மேலிருந்து கீழே இறங்கின. சமாதானமான குரலில் கேட்டான்: “சரி, ஒண்ணு பண்ணலாம். அவங்க குரலே இருக்கட்டும். அந்த ‘இன்னா’வ மட்டும் எடிட் பண்ணி எடுத்துடலாமா?”

“இன்னாவ எடுத்துட்டா இன்னா இருக்கும்?” என்றாள் கயல்.

எம்.ஏ. தமிழ் படித்த வாயிலிருந்து அந்தச் சொல் அந்த அலுவலகத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முத்தம்மாவின் குரல் பதினாலு மருத்துவமனைகளிலும் திரும்பி வந்தது. ஒரு ‘இன்னா’கூடக் குறையவில்லை. மின்னஞ்சல் எழுதிய வாடிக்கையாளர் விலகிக்கொண்டார். கயலின் அந்த வருஷத்துப் பதவி உயர்வும் அவரோடு போயிற்று. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. கேட்ட ஒருவரிடம், மாப் என்று எழுதத் தெரிந்துகொண்டேன், அது போதும் என்று மட்டும் சொன்னாள்.

பன்னிரண்டாம் பாடம், எந்தக் கழிவை எந்த நிறத்தில் போட வேண்டும் என்பது. இறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், அந்தத் துணி அறையில், முத்தம்மா மஞ்சள் பையைப் பற்றியும் சிவப்புப் பையைப் பற்றியும் ஊசி போடும் வெள்ளை டப்பாவைப் பற்றியும் பேசி முடித்திருந்தாள். நாலாவது நீலம், கண்ணாடிப் பாட்டில்களுக்கு. ஸ்டூடியோக் குரலை அங்கே ஒட்டுவதற்குக் கயல் சம்மதிக்கவில்லை. அந்த இடத்தில் திரையில் எழுத்து மட்டும் ஓடுகிறது. நீலத்துக்கான பேச்சு இன்னும் பதியப்படவில்லை.